சைகோனுக்குக் கொண்டுபோன ஐப்பசி

முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் மனைவி சொல்வாள். அவள் சொன்னால் இன்னும் நீளமாக இருக்கும்.

பங்குனி மாதத்தில் நான் சைகோனுக்கு மழைக்கோட்டு எடுத்துக்கொண்டு போனேன். கைக்குட்டை மாதிரி மடித்து வைக்கிற கோட்டு என்று நினைக்காதீர்கள். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரே வாங்கியது. ஊதா நிறம். முழங்காலுக்குக் கீழே தொங்கும். அதைப் போட்டுக்கொண்டு நின்றால் தார்ப்பாய் போட்டு மூடிய வைக்கோல் போர் மாதிரி இருப்பேன். கூடவே ஒரு ஜோடி ரப்பர் பூட்ஸ். பெட்டியில் பூட்ஸுக்கு இடம் வேண்டும் என்பதற்காக இரண்டு சட்டைகளையும் முறுக்கு டப்பாவையும் வெளியே எடுத்து வைத்தேன். முறுக்கைக்கூட மன்னிக்கலாம், சட்டை விஷயத்தில் பிறகு ரொம்பக் கஷ்டப்பட்டேன்.

விமான நிலையத்தை விட்டு வெளியே வந்தால் வானம் துலக்கிக் கவிழ்த்த எவர்சில்வர் தட்டு மாதிரி இருந்தது. மேகம் என்று சொல்லிக்கொள்ள ஒரு நூல்கூட இல்லை. எதிரே தள்ளுவண்டியில் இளநீர் விற்ற அம்மாள் என் கையிலிருந்த கோட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், மறுபடி கோட்டைப் பார்த்தார். பிறகு விலையைக் கொஞ்சம் ஏற்றிச் சொன்னார் என்று நினைக்கிறேன்.

இதில் கூடுதல் வேடிக்கை ஒன்று உண்டு. என் பிழைப்பே மண்ணில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று பார்ப்பதுதான். எங்கள் பக்கம் ஒரு சின்ன ஆய்வு நிலையம். செயற்கைக்கோள்கள் பூமியின் மேல்தோலைத் தடவிப் பார்த்து எண்களை அனுப்பும். பல வருஷத்து எண்களை வரிசையாக வைத்து, எந்த ஊர் மண் நாளுக்கு நாள் காய்ந்து வருகிறது, எது தாக்குப் பிடிக்கிறது என்று கண்டுபிடித்து நான் நிறம் பூசுவேன். காய்ந்து வரும் ஊருக்குக் கரும்பழுப்பு, தாக்குப் பிடிக்கும் ஊருக்கு வெளிர்பச்சை. சைகோனையும் அதற்குத் தெற்கே உள்ள மீகாங் கழிமுகத்தையும் அழகான வெளிர்பச்சையில் வரைந்தவன் நான்தான். அந்தப் படத்தை நம்பித்தான் பூட்ஸ் எடுத்துப் போனேன். வேறு யாராவது வரைந்திருந்தால் கொஞ்சம் சந்தேகப்பட்டிருப்பேன்.

நான்கைந்து நாடுகள் சேர்ந்த ஒரு திட்டத்துக்கான கூட்டம் அது. எந்தப் பகுதிகள் வறட்சிக்கு அதிகம் ஆளாகின்றன என்று வரிசைப்படுத்தி, முதல் மூன்று இடங்களுக்கு நல்ல தண்ணீர் தேக்கிவைக்கப் பணம் கொடுப்பார்கள். குளமோ, மதகோ, கண்மாய் தூர்வாரலோ, அந்தந்த ஊருக்கு எது வேண்டுமோ அது. வரிசையில் மூன்றாவதாக நின்றது எங்கள் பக்கம். வைகை வந்துகொண்டிருப்பதாக எல்லோரும் சொல்கிற, ஆனால் வைகை வந்து சேராத பக்கம். கடைசியில் குளுகுளுவென்று உட்கார்ந்திருந்தது பென் ட்ரே என்கிற கழிமுகத்து மாகாணம். கூட்டத்தின் கடைசி நாளில் எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டால் வரிசை முடிந்தது.

புறப்படும்போது எங்கள் இயக்குநர் கண்ணப்பன் சார் கண்டிப்பாகச் சொன்னார்: “மூணாவது எடத்த எவனும் புடுங்காமப் பாத்துக்கய்யா. ஊருல சொல்லியாச்சு.”

ஊரில் சொன்னது நான்தான். எங்கள் கண்மாய் தூர்வாரப்படப் போகிறது என்று டீக்கடையில் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். என் மச்சான் பூமாலைக்குச் சொல்லி வைத்துவிட்டான். எனக்கா, கண்மாய்க்கா என்று மட்டும் சொல்லவில்லை.

அறை நகரத்தின் நடுவில், டிஸ்ட்ரிக்ட் ஒன்று என்கிற வட்டாரத்தில். கூட்டம் தெற்கே பூ மி ஹங் என்கிற புதுக் குடியிருப்பில். நடுவில் ஒரு பாலமும், ஊரில் உள்ள அத்தனை மோட்டார் சைக்கிள்களும். முதல் நாள் காலை செயலியில் கூப்பிட்டதும் வண்டிக்காரர் வந்தார். பச்சை ஹெல்மெட்டை என் தலையில் கவிழ்த்து, பரங்கிக்காய் வாங்குகிறவர் மாதிரி இரண்டு தட்டு தட்டிப் பார்த்தார். சிக்னலில் நின்றபோது என்னைச் சுற்றி வண்டிக் கடல். ஒரு முகம்கூடத் தெரியவில்லை. பெண்கள் எல்லோரும் வெயில் படாமல் முகமூடி, கறுப்புக் கண்ணாடி, கையுறை, இடுப்பைச் சுற்றி ஒரு துணி என்று தலையிலிருந்து கால்வரை மூடியிருந்தார்கள். நான் மட்டும் அரைக்கைச் சட்டையில். பூ மி ஹங் போய் இறங்கியபோது என் கை இரண்டும் அடுப்பில் சுட்ட கத்தரிக்காய்.

மறுநாள் புத்திசாலித்தனமாக நடந்துகொள்வது என்று முடிவு செய்தேன். உடம்பை மூட என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்று. கொளுத்துகிற வெயிலில் ஊதா மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தேன். வண்டிக்காரர் பாலத்தின் மேல் நெரிசலில் நின்றபோது கைபேசியில் எதையோ தட்டி, அது ஆங்கிலத்தில் மாற்றியதை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

“உங்களுக்குக் காய்ச்சலா? ஆஸ்பத்திரிக்குப் போகணுமா?”

இல்லை என்று தலையாட்டினேன். கோட்டுக்குள் நான் இட்லியாக வெந்துகொண்டிருந்தது அவருக்கு எப்படித் தெரியும்? மறுபடி தட்டினார்.

“இந்தியா?”

“ஆமா.”

எல்லாவற்றுக்கும் விளக்கம் கிடைத்துவிட்டதைப் போல நிம்மதியாக வண்டியை எடுத்தார்.

சாப்பாடு இன்னொரு தனிக் கதை. எங்கள் ஊர் மாரியம்மனுக்குப் பங்குனித் திருவிழா, காப்புக் கட்டியாகிவிட்டது. “கவுச்சிப் பக்கம் திரும்பிக்கூடப் பாக்காதீங்க” என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். சைகோனில் கவுச்சிப் பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருப்பது, கண்ணை மூடிக்கொண்டு தெருவைக் கடப்பது மாதிரி. ஆனால் இந்த ஊர்க்காரர்களும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிச் சைவம் சாப்பிடுகிறவர்கள் என்பதால் அதற்கென்றே தனிக் கடைகள் இருக்கின்றன. அப்படி ஒன்றில் போய் உட்கார்ந்தேன். தட்டில் மீன் வந்தது. தோல், செதில் கோடு, வால் எல்லாம் இருந்தது. பதறிப்போய் எழுந்து நின்றேன். கடைக்கார அம்மாள் சிரித்துக்கொண்டே கரண்டியால் அதை இரண்டாக வெட்டிக் காட்டினார். உள்ளே முழுக்கச் சோயா. சைவம் சாப்பிடுகிறவன் மனதுக்குள் எதை நினைத்துக்கொண்டு சாப்பிடுகிறான் என்பதில் இவர்களுக்குக் குழப்பமே இல்லை.

இந்த நகரத்தின் பெருமை நொய்யரிசிச் சோறு. எங்கள் வீட்டில் நொய் என்றால் கோழிக்கு, மிஞ்சினால் காய்ச்சல்காரனுக்குக் கஞ்சி. இங்கே அதற்குக் கடை கடையாக வரிசை நிற்கிறது. உட்கார்ந்ததும் கேட்காமலே ஐஸ் போட்ட தேநீர் வந்துவிடுகிறது. குடிக்கக் குடிக்க நிரப்புகிறார்கள். முதல் நாள் மதியம் ஐந்தாவது தம்ளருக்குப் பிறகுதான், ஊரே இப்படித் தண்ணீர் தண்ணீராகக் குடிக்கிறதே, ஏன் என்று ஒரு கேள்வி வந்தது. ஆறாவது தம்ளரில் அதை மறந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் மசூதித் தெருப் பக்கம் ஒரு நம்மூர்ச் சாப்பாட்டுக் கடையைக் கண்டுபிடித்தேன். முதலாளி காரைக்கால்காரர். என்னைப் பார்த்ததுமே கேட்டார்.

“எந்த ஊரு நீங்க?”

“வைகைக் கரைங்க. கடைமடை.”

“அங்க தண்ணி வருதா?”

“வரும்னு சொல்றாங்க.”

“நான் சின்னப் புள்ளயா இருந்தப்பவும் எங்க பக்கம் இப்படித்தாங்க காவேரிய சொல்வாங்க” என்று கூடுதலாக ஒரு கரண்டி ரசம் ஊற்றினார். கடைமடைக்காரனைக் கடைமடைக்காரன்தான் அறிவான்.

இனி கூட்டத்துக்கு வருகிறேன். வியட்நாம் தரப்பில் பொறுப்பு ஹான் என்கிற மண்ணியல் ஆராய்ச்சியாளர். குட்டையான முடி, வேகமான நடை. முதல் நாள் கைகுலுக்கி முடிப்பதற்குள் கேட்டார்: “உனக்கு என்ன வயசு?”

எங்கள் ஊரில் சம்பளத்தைக் கேட்பார்கள், ஏன் இன்னும் வீடு கட்டவில்லை என்று கேட்பார்கள். வயதை இப்படி நேராகக் கேட்கக் கொஞ்சம் கூசுவார்கள். இங்கே வயது தெரியாமல் பேச்சையே ஆரம்பிக்க முடியாதாம். அண்ணனா, தம்பியா, சித்தப்பாவா என்று தெரிந்தால்தான் வாக்கியமே வரும். என் வழுக்கையைப் பார்த்துச் சித்தப்பா வரிசையில் வைத்திருந்திருக்கிறார். வயதைச் சொன்னதும் முகம் மலர்ந்தது. அவர் என்னைவிட ஒரு வயது மூத்தவர்.

“அப்படின்னா நீ தம்பி.”

அந்த நிமிஷத்திலிருந்து அவர் எனக்கு ஹான் அக்கா. தம்பி ஆனதும் எனக்குக் கொஞ்சம் முடி முளைத்த மாதிரிகூட இருந்தது.

கோட்டில் வெந்து வந்த இரண்டாம் நாள், அதைக் கழற்றி நாற்காலியில் தொங்கவிட்டேன். அக்கா அதைத் தொட்டுப் பார்த்தார்.

“இது என்ன?”

“மழைக்கோட்டு.”

“மழை எங்கே?”

“என் படத்துல இருக்கு அக்கா.”

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த என் படத்தின் வெளிர்பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“தம்பி, நீ பச்சை அடிச்சிருக்கிற பென் ட்ரேயிலதான் எங்க அப்பா இருக்கார். பம்ளிமாஸ் தோட்டம். இந்த மாசத்துல ஆறு வத்திப்போய்க் கடல் உள்ள ஏறிவரும். வாய்க்கால் தண்ணிய வாயில வச்சா உப்பு. படகுல வர்ற நல்ல தண்ணிய வாங்கித்தான் மரத்துக்கு ஊத்துறார்.”

“உப்பு இந்தத் திட்டத்துல இல்ல அக்கா. மண்ணுல ஈரம் இருக்கா இல்லையா, அவ்வளவுதான்” என்றேன். அசல் தாலுகா ஆபீஸ் குரல். அது எங்கிருந்து எனக்கு வந்தது என்று தெரியவில்லை.

அதோடு நிறுத்தவில்லை. ஒரு சிறிய பிரசங்கமும் செய்தேன். ஈரமான ஊரையும் காய்ந்த ஊரையும் நேருக்கு நேர் நிறுத்தி எது ஈரம் என்று கேட்பது சின்னப்பிள்ளைத்தனம். அப்படிப் பார்த்தால் எங்கள் ஊர்தான் எப்போதும் ஜெயிக்கும். அதனால் ஒவ்வொரு ஊரையும் அதே ஊரின் பழைய வருஷங்களோடுதான் நான் ஒப்பிட்டிருக்கிறேன். பயிர்க்காலத்தில் உங்கள் மண் முன்பு எப்படி ஈரமாக இருந்ததோ அப்படியேதான் இன்றும் இருக்கிறது. இத்தனைக்கும் அவர்கள் கணக்கைப் போட்டுக் கொடுத்ததே நான்தான். மற்ற நாட்டுக்காரர்கள் தத்தம் ஊர்க் கணக்கைத் தாங்களே போட்டார்கள். வியட்நாம் தரப்பில் கணினி பார்த்தவர் வேலையை விட்டுப் போய்விட்டதால், “அதுக்கென்ன மேடம், எங்க ஊருக்குப் போட்டதுலயே உங்க ஊரையும் சேர்த்து ஓட்டிடறேன்” என்று முன்பே மின்னஞ்சலில் பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தேன்.

அக்கா கடைசிவரை கேட்டுக்கொண்டார். “நாளைக்கு மத்தியானம் எங்க வீட்டுல சாப்பாடு. சைவம்தான். வா” என்றார்.

வீடு பூ மி ஹங்கிலேயே, உயரமான ஒரு கட்டடத்தில். ஜன்னலுக்கு வெளியே நீச்சல் குளம், அதைச் சுற்றி வெட்டிவிட்ட பச்சைப் புல். பைப் வைத்து நனைத்துக்கொண்டிருந்தார்கள். செயற்கைக்கோள் இதையும் தடவிப் பார்த்து ஈரம் என்றுதான் சொல்லும் என்று நினைத்துக்கொண்டேன்.

பூண்டு போட்டு வதக்கிய வள்ளைக்கீரை, தாமரைத்தண்டுக் கலவை, தக்காளியில் கொதித்த டோஃபு. வள்ளைக்கீரையை எங்கள் பக்கம் கண்மாய்க்குள்ளே இறங்கிப் பறிப்பார்கள், அதாவது கண்மாயில் தண்ணீர் இருக்கிற வருஷங்களில். வயிறு நிறையச் சாப்பிட்டேன். கடைசியில் அக்கா ஒரு பம்ளிமாஸை உரித்து வைத்தார். கைப்பந்து அளவுகூட இல்லை. சுளையை வாயில் போட்டேன். பஞ்சு. மென்றால் சாறு வருவதற்குப் பதிலாக ஒரு சத்தம்தான் வந்தது.

“நேத்து என் அறைக்குப் பக்கத்துல, பென் தான்கிற சந்தையில தின்னது இதைவிட நல்லா இருந்துச்சு” என்றேன். என் வாய்க்கு மதகு கிடையாது.

“அது வேற ஊர்ப் பழம். இது எங்க அப்பா தோட்டத்துது.”

இரண்டாவது சுளையையும் எடுத்து, வேண்டுமென்றே ரசித்து மென்றேன். பிராயச்சித்தம்.

“எப்பருந்து இப்படி?” என்றேன்.

“வருசாவருசம் டெட் முடிஞ்சா ஆரம்பிக்கும். முன்னெல்லாம் கொஞ்ச நாள்தான். இப்பக் காலம் நீண்டுகிட்டே போகுது. இந்த வருசம் எந்த மரத்தை வெட்டுறதுன்னு அப்பா பார்த்துக்கிட்டிருக்கார்.”

டெட் என்பது அவர்களுடைய புத்தாண்டு. நம் கணக்கில் தை, மாசி. அதை நான் கேட்டேன், காதில் விழுந்தது, உள்ளே போகவில்லை. ஏனென்றால் அதற்குள் காப்பி வந்துவிட்டது. அடியில் கெட்டிப் பால், மேலே கன்னங்கரேலென்ற காப்பி, தம்ளர் முழுக்க ஐஸ். அதைக் குடித்தால் எனக்குத் தில்லியைத் திட்ட வேண்டும் போல் வரும். திட்டினேன்.

“எங்க கஷ்டம் உங்களுக்குத் தெரியாது அக்கா. தில்லியில உக்காந்துக்கிட்டு ஜூன்லருந்து செப்டம்பர்வரைக்கும் மழையப் பார்ப்பாங்க. அதான் அவங்களுக்கு மழைக்காலம். எங்களுக்கு மழையே ஐப்பசியிலதான் ஆரம்பிக்கும். எங்க பயிர் மார்கழியில காயும்போது அவங்க கணக்க மூடி வச்சிருப்பாங்க. ‘நாட்டுல இந்த வருசம் மழை நல்லா இருந்துச்சே’ம்பாங்க. அவங்க ஊர் மாசத்த வச்சு எங்க ஊர அளந்தா எப்படி அக்கா? எனக்கு ரத்தம் கொதிக்கும். மேடை மேடையாப் பேசியிருக்கேன்.”

அக்கா கரண்டியால் ஐஸைச் சுற்றிக்கொண்டிருந்தார். நிறுத்தினார்.

“நீ எங்களை எந்த மாசத்துல அளந்தே?”

எனக்குத் திடீரென்று போன் வந்துவிட்டது. வராத போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு பால்கனிக்குப் போனேன். கீழே புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார்கள்.

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி. வேறென்ன? எங்கள் ஊருக்கு எழுதிய கணக்கிலேயே அவர்கள் ஊரையும் சேர்த்து ஓட்டினேன். எங்கள் பயிர்க்காலம் அதுதான். அவர்களுக்கோ அது மழையும் வெள்ளமும் வடிந்துகொண்டிருக்கிற நேரம். மண் சொதசொதவென்று இருக்கும், அன்றும் இருந்தது, இன்றும் இருக்கும். தண்ணீருக்காக உயிர் போகிற மாசியையும் பங்குனியையும் நான் பார்க்கவே இல்லை. பூட்ஸையும் கோட்டையும் ஏன் கொண்டுவந்தேன் என்றும் அப்போதுதான் விளங்கியது. பெட்டியில் நான் மடித்து எடுத்து வந்தது எங்கள் ஊர் ஐப்பசியை.

உள்ளே வந்தேன். “பயிர்க்காலத்துல அளந்தேன் அக்கா” என்றேன்.

“யாரோட பயிர்க்காலம்?”

“பாக்குறேன் அக்கா.”

‘பாக்குறேன்’ என்று அரசாங்கச் சம்பளக்காரன் சொன்னால் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். அக்காவுக்கும் தெரிந்திருந்தது. எல்லா நாட்டிலும் அதற்கு ஒரே பொருள்தான் போலிருக்கிறது.

அடுத்த நாள் ஞாயிறு, கூட்டம் இல்லை. காலையில் அறையிலேயே உட்கார்ந்து பென் ட்ரேயின் மாதங்களை மட்டும் மாற்றி ஓட்டினேன். படம் திரையில் மேலிருந்து கீழாக மெதுவாக வந்தது. கடற்கரை ஓரத்தில் வெளிர்பச்சை போய் மஞ்சள் ஆனது, மஞ்சள் போய்ப் பழுப்பு ஆனது. ஆரம்ப வருஷங்களைவிடப் பிந்திய வருஷங்களில் வெயில் காலத்து மண் நன்றாகவே வற்றியிருந்தது. வரிசையில் மூன்றாவது இடம். எங்கள் பக்கத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. எங்கள் எண் அதே எண்தான். ஆனால் நாலாவது.

நம்பிக்கை இழக்காமல் கணினியை அணைத்து மறுபடி போட்டேன். நம் நாட்டில் எதற்கும் முதல் வைத்தியம் அதுதானே. நாலாவதேதான்.

தப்பித்து ஓடத் தோன்றியது. பென் தான் சந்தைப் பக்கம் மெட்ரோ ரயில் ஏறினேன். அதுவே கடைசி நிலையம். ஒரே ஒரு திசையில்தான் போக முடியும். வழி தவறுவதற்கு வாய்ப்பே இல்லாத ரயில். குளிர்சாதனத்தில் தூங்கிப்போய், மறுகோடிவரைக்கும் போய்விட்டேன். விழித்தபோது காவலர் ஒருவர் என் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். அதே ரயிலில் திரும்பினேன். உயரத்தில் ஓடுகிற ரயில். ஜன்னல் வழியே காலி மனைகளில் புல் எங்கள் ஊர்ப் பொட்டல் நிறத்தில் கிடந்தது. போகும்போது இதைப் பார்த்திருக்கலாம், தூங்கிவிட்டேன். என் ஆராய்ச்சியும் அப்படித்தான் நடந்திருக்கிறது என்று யாரும் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் மாரியம்மன் கோயிலில் சந்திக்கலாம் என்று அக்கா சொல்லியிருந்தார். சந்தைக்குப் பக்கத்துத் தெரு. இந்த ஊர்க்காரர்கள் அதை இந்திய அம்மா கோயில் என்கிறார்கள். செட்டியார்கள் காலத்துக் கோபுரம். உள்ளே வியட்நாமியக் கூட்டம். ஊதுபத்திப் புகையில் அம்மன் முகம் தெரிய நேரமாயிற்று. கருவறைக்குப் பின்னால் கருங்கல் சுவரில் பெண்கள் வரிசையாக நெற்றியை முட்டவைத்து, உள்ளங்கையை அகல வைத்து, கல்லிடம் ஏதோ கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். வேண்டுதலைச் சுவர்வழியாகச் சொன்னால் அம்மாவுக்குச் சீக்கிரம் போய்ச் சேருமாம். எங்கள் ஊரில் இதற்கு உருள வேண்டும், பூ மிதிக்க வேண்டும். சுவரில் சொல்வது எவ்வளவோ வசதி.

வாசலில் பூவும் ஊதுபத்தியும் அரிசி உப்புப் பொட்டலமும் விற்றார்கள். எங்கள் மாரிக்கும் உப்புப் போடுவோமே என்று ஆசையாக ஒன்று வாங்கினேன். அக்காவுக்கும் ஒன்று நீட்டினேன்.

“வேண்டாம்” என்றார். “எங்க வீட்டுல உப்பு நிறைய இருக்கு.”

நான் மூன்று நாளாகச் சொன்ன அத்தனை நகைச்சுவையையும்விட அது நன்றாக இருந்தது. சிரிக்கத்தான் முடியவில்லை.

நானும் போய்ச் சுவரில் நெற்றியை வைத்தேன். கல் சில்லென்று இருந்தது. என்ன வேண்டுவது? தாயே, எங்கள் கண்மாயைப் பார்த்துக்கொள் என்று ஆரம்பித்தேன். எனக்குப் பக்கத்துக் கல்லில் அக்கா நெற்றியை வைத்துக்கொண்டிருந்தார். அவர் என்ன வேண்டியிருப்பார் என்று ஊகிக்க ஆராய்ச்சி தேவையில்லை. ஒரே சுவர், ஒரே மாரி, இரண்டு விண்ணப்பம். என் காதில் அம்மன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் இத்தனை வருஷம் இங்கே இருந்ததில் வியட்நாமிய மொழியில்தான் சொல்லியிருப்பாள்.

வெளியே வந்து செருப்பைப் போடும்போது சொன்னேன்.

“மாசத்த மாத்திப் போட்டுப் பாத்தேன் அக்கா. உங்க ஊர் மூணாவது.”

“உன் ஊர்?”

“நாலாவது.”

அக்கா நன்றி சொல்லவில்லை. நின்று, யோசித்து, “உன் ஊருக்கு மாசம் சரியாப் போட்டியா? மறுபடி பாத்தியா?” என்றார்.

“பாத்தேன். அதுல தப்பு இல்ல. தப்பு இருக்கணும்னு எவ்வளவோ ஆசைப்பட்டேன்.”

“அறைக்குப் போய் எனக்கு ரெண்டையும் அனுப்பு. நானும் ஒரு தடவை ஓட்டிப் பாக்குறேன். உன் ஊர் மேல வர வழி இருந்தா விடமாட்டேன்.”

இந்தப் ‘பாக்குறேன்’ வேறு ஜாதி. மறுநாள் விடிந்ததும் பதில் வந்திருந்தது. எங்கள் கணக்கில் ஒவ்வொரு வருஷத்தையும் தனித்தனியாகச் சோதித்திருந்தார். வழி இல்லை. எங்கள் மண் முன்பே வறண்ட மண். அதிலிருந்து கீழே இறங்க அதற்கு அதிக இடம் இல்லை. அவர்கள் மண்தான் மேலேயிருந்து விழுந்துகொண்டிருந்தது.

கடைசி நாள் கூட்டத்தில் எழுந்து நின்றேன். அறைக்குள் குளிர்சாதனம் இருந்ததால் தைரியமாக மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றேன். “இது என் ஊரின் ஐப்பசி மாதம். இதைத்தான் பென் ட்ரேக்குப் போட்டுவிட்டேன். அளவு சரியில்லை” என்று ஆரம்பித்து, எந்த மாதங்களைப் போட்டேன், எதைப் போட்டிருக்க வேண்டும், வரிசை எப்படி மாறுகிறது என்று இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினேன். சிரித்தார்கள். பிறகு கேள்வி கேட்டார்கள். கேள்விகளுக்குச் சிரிப்பு இல்லை. தாய்லாந்துக்காரர் ஒருவர் தன் கணக்கின் மாதங்களையும் அவசரமாகத் திறந்து பார்த்துக்கொண்டார். அவருடையது சரியாகத்தான் இருந்தது. என்னைப் போல் உலகத்தில் எத்தனை பேர்தான் இருப்பார்கள்?

கையெழுத்து முடிந்தது. அக்கா வாசலில் நின்று அப்பாவிடம் கைபேசியில் சத்தமாகப் பேசினார். நடுவில் என் பக்கம் கையைக் காட்டி ஏதோ சொல்ல, மறுபக்கம் பெரியவர் பலமாகச் சிரித்தது எனக்கே கேட்டது.

“என்ன சொன்னீங்க?”

“மழைக்கோட்டு போட்ட தம்பி ஒருத்தன் வந்தான்னு சொன்னேன். மரம் வெட்டுறத நிறுத்தச் சொன்னேன்.”

பூட்ஸை அவர் அப்பாவுக்கே கொடுத்துவிட்டேன், ஆவணியில் உதவும். கோட்டைக் கொடுக்கவில்லை. அது இனி என் மேஜைக்கு எதிரே, கண்ணில் படும்படி தொங்க வேண்டும்.

இனி ஒரு வேலைதான் பாக்கி. விமான நிலையத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு கண்ணப்பன் சாருக்குப் போன் போட்டேன்.

“சார், கையெழுத்து ஆயிருச்சு.”

“நல்லது. மூணாவதுதானே?”

“மூணாவது பென் ட்ரே சார்.”

“அது எங்கய்யா இருக்கு?”

“இங்கதான் சார். நம்மளது நாலாவது. கணக்குல ஒரு சின்னத் தப்பு இருந்துச்சு. நான்தான் போட்டேன், நானே திருத்திட்டேன். தில்லிக்காரங்க நமக்கு என்ன செய்வாங்களோ அதத்தான் சார் நான் இவங்களுக்குச் செஞ்சிருந்தேன். நம்ம ஐப்பசிய வச்சு இவங்கள அளந்துட்டேன். பாவம், இவங்களுக்குப் பங்குனியிலதான் சார் தண்ணி இல்ல. கடல் தண்ணி வாய்க்காலுக்குள்ள வந்துருது. பம்ளிமாஸ் எல்லாம் பஞ்சாப் போச்சு. அடுத்த சுத்துல நம்மள முதல்ல எடுக்கறதாச் சொல்லியிருக்காங்க...”

மறுமுனையில் எங்கள் ஊர் டவுன் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போவது மட்டும் கேட்டது. பிறகு சார் கேட்டார்:

“யோவ், நீ எந்த ஊருக்காரன்யா?”